திறையா, விலையா?
சீனப் பேரரசும் அண்டை நாடுகளும் பற்றிய ஆய்வு நூல்கள்: ஒரு வணிகனின் மதிப்பீடு

எங்கள் குடும்பத்தில் மூன்று கணக்குப் புத்தகங்கள் உண்டு. நாள்வழியும் பேரேடும் கடையில் இருக்கும். மொய் நோட்டு வீட்டு அலமாரியில் இருக்கும். முதல் இரண்டை ஆடிட்டர் பார்ப்பார். மூன்றாவதை வீட்டுக்காரம்மா மட்டும்தான் பார்ப்பார். மூன்றிலும் எழுதியிருப்பது பணம்தான். ஆனால் ஓரிடத்தில் அதற்கு விலை என்று பெயர், ஓரிடத்தில் கடன் என்று பெயர், ஓரிடத்தில் அன்பளிப்பு என்று பெயர். அன்பளிப்பு என்று எழுதி வாங்கியதை அடுத்த கல்யாணத்தில் ஒரு ரூபாயாவது கூட்டிச் செய்யாவிட்டால் என்ன பேச்சு வரும் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சீனப் பேரரசுகளுக்கும் அவற்றின் அண்டை நாடுகளுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகள் நடந்த கொடுக்கல் வாங்கலைப் பற்றி அறிஞர்கள் எழுதிய நூல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று நோட்டுகள்தாம் நினைவுக்கு வருகின்றன. பட்டும் வெள்ளியும் குதிரையும் தேயிலையும் எல்லை தாண்டிப் போயின, வந்தன. அவற்றை எந்த நோட்டில் எழுதுவது என்பதில்தான் அன்றைய அரசர்களுக்கும் சண்டை, இன்றைய பேராசிரியர்களுக்கும் சண்டை.

என் தகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்றது. அகமதாபாத்துக்கு வந்து துணி வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. சீன மொழி தெரியாது. மூலங்களை ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகவே அறிந்தவன். சபர்மதிக் கரையில் ஞாயிறுதோறும் கூடும் குஜரி பஜாரில், ஏதோ ஒரு கல்லூரி நூலகம் கழித்துப்போட்ட புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. அதிலிருந்து பிடித்த பைத்தியம் இது. அந்தப் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஃபேர்பேங்க் வரைந்த படம்

அது ஹார்வர்டு பேராசிரியர் ஜான் கிங் ஃபேர்பேங்க் 1968-இல் தொகுத்து வெளியிட்ட 'சீன உலக ஒழுங்கு' என்னும் பொருள்படும் தலைப்புடைய நூல். 1941-லேயே தெங் ஸ்ஸு-யூ என்ற அறிஞருடன் சேர்ந்து, சிங் வம்சத்தின் திறை முறை பற்றி அவர் நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். அந்தக் கருத்தின் விரிவுதான் இந்தத் தொகுப்பு எனலாம்.

அவர் வரைந்த படம் இது. உலகின் நடுவில் விண்ணின் மைந்தனாகிய பேரரசர். சுற்றிலும் வட்டம் வட்டமாக நாடுகள். கொரியா, வியட்நாம் போன்று சீன எழுத்தையும் நெறியையும் ஏற்றவர்கள் முதல் வட்டம். மங்கோலியர், திபெத்தியர் முதலான உள்நாட்டு ஆசிய மக்கள் அடுத்த வட்டம். கடலுக்கு அப்பாலிருந்து வருவோர் வெளி வட்டம். தூதர்கள் திறையுடன் வருவார்கள். மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை தலை தாழ்த்தி வணங்குவார்கள். பேரரசர் நாட்காட்டியும் முத்திரையும் பரிசும் தந்து அனுப்புவார். கூடவே வந்த வியாபாரிகள் சில நாட்கள் தலைநகரில் சரக்கு விற்றுக்கொள்ளலாம். திறை என்பது வணிகத்துக்குப் போர்த்திய போர்வை என்பதை ஃபேர்பேங்க் நன்றாக அறிந்திருந்தார். சடங்கையும் சந்தையையும் ஒரே கட்டாகப் பார்க்க வேண்டும் என்று காட்டிய பெருமை அவரைச் சேரும். இதை மறுப்பதற்கில்லை.

குறை எங்கே என்றால், அவர் கையிலிருந்த ஆவணங்கள் பெரும்பாலும் கடைசி வம்சமான சிங் அரசவையுடையவை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காகிதங்களில் கண்ட ஒழுங்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் நீட்டப்பட்டுவிட்டது. அதைவிட முக்கியம், அவை ஒரு கட்சியின் காகிதங்கள். 1793-இல் இங்கிலாந்திலிருந்து மெக்கார்ட்னி பிரபு தூது போனபோது, அவரை ஏற்றிச் சென்ற படகுகளின் கொடிகளில் திறை கொண்டுவரும் ஆங்கிலத் தூதர் என்ற பொருள்படச் சீன எழுத்தில் எழுதியிருந்தார்கள். அது அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டார். சரக்கு விற்க வந்த இடத்தில் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சண்டை போட முடியுமா? ஆனால் அந்தக் கொடியை மட்டும் பார்த்து வரலாறு எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தொகுப்பிலேயே யாங் லியென்-ஷெங் எழுதிய கட்டுரை, இந்த ஒழுங்கு ஒரு கற்பிதம் என்றும், அதற்குப் பின்னால் இருந்த நிஜபலம் காலத்துக்குக் காலம் ஏறி இறங்கியது என்றும், சில வேளை ஒன்றுமே இல்லாமல் போனது என்றும் சொல்கிறது. அவர் பேச்சைக் கேட்டவர்கள் குறைவு. ஃபேர்பேங்கின் வட்டங்கள்தாம் பாடப்புத்தகங்களுக்குள் போயின. இன்றும் சீனாவின் வெளியுறவைப் பற்றிப் பேசுவோர் பலர் அந்த வட்டங்களை வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். அதனால்தான் இதைச் சரியாக எடைபோட வேண்டியிருக்கிறது.

ரயிலடியில் ஒட்டகங்கள்

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வாளர் ஓவன் லாட்டிமோர். கல்லூரிப் பட்டம் பெறாதவர் என்பதால் பிடித்தது என்று என் மகன் கேலி செய்வான். அதிலும் உண்மை உண்டு. தியன்ஜின் நகரில் ஓர் ஏற்றுமதி இறக்குமதிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1925-இல் தடைப்பட்டுக் கிடந்த கம்பளி ரோமச் சரக்கை மீட்பதற்காக, இன்று ஹோஹோட் எனப்படும் ஊருக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே ரயில் பெட்டிகளின் பக்கத்திலேயே ஒட்டக வரிசை வந்து நின்று சரக்கு இறக்குவதைப் பார்த்தார். இந்த ஒட்டகங்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வியோடு வேலையை விட்டுவிட்டு அவற்றின் பின்னாலேயே போய்விட்டார். அந்த அலைச்சலில் விளைந்தது 1940-இல் வெளிவந்த அவருடைய பெருநூல். எல்லை என்பது கோடு அல்ல, உழவு மங்கி மேய்ச்சல் தொடங்கும் அகலமான நிலப்பரப்பு என்றார். பெருஞ்சுவர் வெளியாரைத் தடுக்க மட்டும் எழுந்ததன்று, உள்ளே இருக்கும் உழவர்கள் மேய்ச்சல் வாழ்வுக்கு நழுவிப் போகாமல் தடுக்கவும்தான் என்றார். மேசை முன் உட்கார்ந்து ஆவணம் மட்டும் புரட்டியவருக்கு இது தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

பின்னர் யூ யிங்-ஷிர் 1967-இல் ஹான் வம்ச வணிகத்தைப் பற்றி எழுதிய நூல், கணக்கையே பிரித்துக் காட்டியது. கி.மு. 200-இல் ஹான் பேரரசர் காவ்ட்சு, சியுங்னு மேய்ச்சல் மக்களிடம் முற்றுகைப்பட்டுத் தப்பித்தார். இரண்டு ஆண்டுகளில் உடன்பாடு ஏற்பட்டது. ஹான் அரசு ஓர் இளவரசியையும், ஆண்டுதோறும் பட்டும் மதுவும் தானியமும் அனுப்ப வேண்டும். இதற்கு 'இணக்க உறவு' என்று இனிமையான பெயர் வைத்தார்கள். நம் பக்கத்தில் சீர் அனுப்புவது என்போமே, அப்படி.

கி.மு. 51-இல் நிலை மாறிற்று. சியுங்னுத் தலைவர் ஹுஹான்யே, ஹான் அரசவைக்கு நேரில் வந்து பணிந்தார். இப்போது அவர் திறை செலுத்துபவர். ஆனால் பட்டு எந்தப் பக்கம் போனது? அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்த பட்டுத் துணி 8,000 சுருள். கி.மு. 33-இல் அது 18,000. கி.மு. 1-இல் அவருக்குப் பின்வந்த தலைவருக்கு 30,000. பணியப் பணியத் தொகை கூடிக்கொண்டே போனது! பற்று வரவு தெரிந்த எவருக்கும் இந்த அட்டவணை ஒன்றே போதும், தலைப்பை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு.

இந்த வழியில் மேலும் போனவர் தாமஸ் பார்ஃபீல்ட். ஆப்கானிஸ்தானில் மேய்ச்சல் மக்களிடையே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர். 1989-இல் வந்த அவர் நூலின் வாதம் இது: மேய்ச்சல் பேரரசர்கள் சீனாவைப் பிடிக்க விரும்பவில்லை, கறக்கவே விரும்பினார்கள். முதலில் சூறையாடுவது, பிறகு சமாதானம் பேசிப் பரிசும் சந்தையும் கேட்பது, வந்த பட்டைச் சிறுதலைவர்களுக்குப் பங்கிட்டுத் தன் தலைமையைக் காப்பது. ஆகவே சீனாவில் வலுவான வம்சம் இருக்கும்போதுதான் புல்வெளியிலும் வலுவான பேரரசு எழுகிறது என்றார்.

படிக்கும்போது விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் யோசித்தால் ஓர் உறுத்தல். இந்த வாதத்தில் மேய்ச்சல் மக்கள் வெறும் கமிஷன் ஏஜெண்டுகள் ஆகிவிடுகிறார்கள். சீனா தும்மினால்தான் அவர்களுக்கு அசைவு. ஃபேர்பேங்கின் வட்டத்தை உடைக்க வந்தவரும் சீனாவையே நடுவில் வைத்துவிட்டார். இதைத் திருத்தியவர் நிக்கோலா டி காஸ்மோ. 2002-இல் வந்த அவர் நூல், அகழாய்வுச் சான்றுகளைக் கொண்டு வடபுல மக்களிடம் சொந்த உழவும் உலோகத் தொழிலும் இருந்ததைக் காட்டுகிறது. சின், சாவ், யென் அரசுகள் கட்டிய தொடக்ககாலச் சுவர்கள் மேய்ச்சல் நிலத்துக்கு உள்ளேயே போய் நிற்கின்றன. பிடித்த நிலத்தை வளைத்துக்கொள்ளக் கட்டியவை அவை என்கிறார். அப்படியானால் முதலில் எல்லை தாண்டியவர் யார் என்ற கேள்வியே புரண்டுவிடுகிறது.

பெயருக்கும் விலை உண்டு

இந்த இரு கட்சியிலும் ஒரு பொதுவான குறையை நான் காண்கிறேன். ஃபேர்பேங்க் தலைப்பைப் படித்தார். யூ யிங்-ஷிரும் பார்ஃபீல்டும் தொகையைப் படித்தார்கள். தொகைதான் நிஜம், திறை, பரிசு என்பதெல்லாம் வெறும் பேச்சு என்று நினைக்கத் தோன்றும். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்தேன். அதை மாற்றியது சோங் வம்சத்தின் கதை. மோரிஸ் ரோசாபி 1983-இல் தொகுத்த, 'சமமானவர்களிடையே சீனா' என்று பொருள்படும் நூல் இதற்கு நல்ல வாசல். சோங் அரசு எப்படித் தன் சிறுமையை அறிந்துகொண்டே பெரிய பேச்சுப் பேசியது என்பதை வாங் குங்வூ அதில் அழகாக விளக்குகிறார்.

1004-இல் கித்தான் மக்களின் லியாவ் அரசு பெரும்படையுடன் தெற்கே இறங்கியது. பேச்சுவார்த்தைக்குத் தூதர் ஒருவர் புறப்பட்டார். தேவைப்பட்டால் பத்து லட்சம்கூடக் கொடுக்கலாம் என்றார் பேரரசர். வெளியே வந்ததும் அமைச்சர் கோவ் சுன், மூன்று லட்சத்துக்கு மேல் ஒப்புக்கொண்டால் உன் தலை இருக்காது என்றாராம். தூதர் மூன்று லட்சத்தில் முடித்துவிட்டு வந்தார். 1005 ஜனவரியில் உறுதியான அந்தச் சான்யுவான் உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 1 லட்சம் லியாங் வெள்ளி, 2 லட்சம் சுருள் பட்டு. ஒரு லியாங் நம் கணக்கில் மூன்றரைத் தோலா அளவு. அப்படியென்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு டன் வெள்ளி. போர்ச் செலவோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்று அமைச்சர் வாங் தான் கணக்குச் சொன்னார். எல்லைச் சந்தைகளில் சோங் சரக்குக்கு இருந்த கிராக்கியால், போன வெள்ளியில் பெரும்பகுதி திரும்பி வந்ததை ஷிபா யோஷினோபு எடுத்துக்காட்டுகிறார். நூறாண்டுக்கு மேல் அந்தச் சமாதானம் நின்றது. இரு பேரரசர்களும் அண்ணன் தம்பி என்று எழுதிக்கொண்டார்கள்.

இது வரை தொகைக் கணக்கு. 1042-இல் நடந்ததைப் பாருங்கள். லியாவ் அரசு மறுபடி மிரட்டியது. சோங் தூதர் ஃபூ பி கூடுதலாக 1 லட்சம் லியாங் வெள்ளியும் 1 லட்சம் சுருள் பட்டும் தர இசைந்தார். தொகையில் பெரிய தகராறு இல்லை. தகராறு வந்தது ஒரு வினைச்சொல்லில். இந்தப் பணத்தைச் 'சமர்ப்பிக்கிறோம்' என்று எழுத வேண்டும், இல்லையென்றால் 'செலுத்துகிறோம்' என்றாவது எழுத வேண்டும் என்றது லியாவ். இரண்டுக்கும் ஃபூ பி மறுத்தார். கடைசியில் அவருடைய அரசவையே 'செலுத்துகிறோம்' என்பதற்கு ஒப்புக்கொண்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1044-இல், மேற்கே இருந்த சி சியா அரசுடன் உடன்பாடு. அதன் மன்னர் லி யுவான்ஹாவ் தம் நாட்டில் தம்மைப் பேரரசர் என்றே சொல்லிக்கொண்டவர். சோங் அரசுக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் 'தங்கள் அடியான்' என்று எழுத ஒப்புக்கொண்டார். அதற்குப் பட்டு, வெள்ளி, தேயிலை எல்லாமாக ஆண்டுக்கு இரண்டரை லட்சம் அலகுகளுக்கு மேல் பெற்றார். இது 'அருளிய பரிசு' என்று எழுதப்பட்டது. ஒருவர் சொல்லையும் சேர்த்து வாங்கினார். இன்னொருவர் சொல்லை விற்றுச் சரக்கை வாங்கினார். சொல் வெறும் பேச்சென்றால் அதை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா?

அடுத்த நூற்றாண்டில் சோங் அரசுக்கு இரண்டும் போயின. வடக்கை இழந்தபின், ஜின் அரசுடன் 1141-இல் முடிவான உடன்பாட்டில் 2.5 லட்சம் லியாங் வெள்ளி, 2.5 லட்சம் சுருள் பட்டு; அதற்குப் பெயர் வெளிப்படையாகவே திறை; சோங் பேரரசர் ஜின் பேரரசருக்கு அடியவர். கால் நூற்றாண்டு கழித்து, 1165-இல், மறுபடி போரிட்டுப் பேசித் தொகையை 2 லட்சமாகக் குறைத்தார்கள். திறை என்ற சொல் போய் 'ஆண்டுத் தொகை' ஆயிற்று. அடியவர் என்பது போய்ச் சிற்றப்பா, அண்ணன் மகன் உறவாயிற்று. அவர்கள் எதற்காக இரத்தம் சிந்தினார்கள் என்று பார்த்தால், பாதி வெள்ளிக்காக, பாதி அந்தச் சொல்லுக்காக.

என் அனுபவம் ஒன்று. நான் கடை வைத்த புதிதில், திருவிழா வந்தால் தெருவில் சிலர் வந்து நிற்பார்கள். கொடுக்காவிட்டால் ஷட்டர் திறக்க முடியாது. ஒரு வருஷம் ஆத்திரத்தில் பேரேட்டில் 'மிரட்டல் பணம்' என்று எழுதிவிட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, கொடுத்த காசுதான் போச்சு, எழுத்திலயும் தோத்துட்டு நிக்கணுமா? நன்கொடைன்னு எழுது. நாளைக்கு அவனும் நம்ம கடைக்குத் துணி எடுக்க வருவான்" என்றார். அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். அவர் சொன்னபடியே அவர்களில் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு எங்கள் கடையில்தான் துணி எடுத்தார். ஃபூ பி ஏன் ஒரு வினைச்சொல்லுக்காக மல்லுக்கு நின்றார் என்பது அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு விளங்குகிறது.

தரகர் சொன்ன சொல்

இனி நமக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு பக்கம். சோழ நாட்டுத் தூதர்கள் சோங் அரசவைக்கு 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் போனதைச் சீன வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. 1077, முதற் குலோத்துங்கன் காலம். தூதர்கள் முத்தையும் கற்பூரத்தையும் அரியணை முன் மண்டியிட்டுத் தூவினார்கள். கொண்டுபோன பொருள்களில் சாம்பிராணி, பன்னீர், பெருங்காயம், கிராம்பு எல்லாம் உண்டு. இவற்றில் பல சோழ மண்ணில் விளையாதவை. அரபுக் கரையிலிருந்தும் கிழக்குத் தீவுகளிலிருந்தும் வந்த வியாபாரச் சரக்கு. பதிலாக மன்னருக்கு அளிக்கப்பட்டது 81,800 கோவை செப்புக் காசும் 52,000 லியாங் வெள்ளியும். சீன ஏட்டில் இது திறையும் அருட்பரிசும். நம் மேடைகளில் இது சோழர் பெருமை. சரக்குப் பட்டியலைப் படிப்பவருக்கு இது கொள்முதல் என்றும் தெரியும்.

ஆனால் சொல்லின் விலையை இங்கேயும் மறக்கக்கூடாது. 1106-இல் பர்மாவின் பாகன் அரசிலிருந்து தூதர் வந்தபோது, சோழருக்குச் செய்த மரியாதையையே இவர்களுக்கும் செய்யலாம் என்றார் பேரரசர். சடங்குத் துறை மறுத்தது: சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்குக் கீழ்ப்பட்ட நாடு, பாகனோ பெரிய அரசு, ஆகவே உயர்ந்த வரிசை வேண்டும் என்று. 1025-இல் இராசேந்திரன் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கி எண்பது ஆண்டு ஆகியிருந்தது! தாக்கப்பட்டவன் மேலே, தாக்கியவன் கீழே என்று அலுவலகக் கோப்பில் இருக்கிறது. எப்படி? தான்சென் சென் 2003-இல் வெளியிட்ட நூலில், கடல்வழியின் நடுவில் இருந்த ஸ்ரீவிஜயத்தார் சோழரைப் பற்றித் தவறான செய்தி கொடுத்திருக்க வேண்டும் என்கிறார். வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. நடுவில் இருக்கும் தரகர் இரு பக்கமும் உண்மை பேசினால் அவருக்கு என்ன மிச்சம்? சோழர் என்னும் பெயர் சீனக் கோப்பில் தாழ்ந்த வரிசையில் உட்கார்ந்தது, நமக்காகப் பேச அங்கே நம் ஆள் இல்லாததால். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்த வலி புரியும்.

முடிவாக

இந்த அறிஞர்களில் யாரையும் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் சமயத்தில் அநேகாந்தம் என்பார்கள். ஒரு பொருளைப் பல பக்கத்திலிருந்து பார்த்தால்தான் முழுமை. ஃபேர்பேங்கிடம் சடங்கையும், லாட்டிமோரிடம் நிலத்தையும், யூ யிங்-ஷிரிடம் கணக்கையும், டி காஸ்மோவிடம் மண்ணுக்கடியில் கிடக்கும் சான்றையும் கற்க வேண்டும். ஆனால் ஒரே நோட்டை வைத்துக்கொண்டு ஐந்தொகை போடக்கூடாது. தலைப்பும் தொகையும் தனித்தனி வரிகள். இரண்டுக்கும் விலை உண்டு. இரண்டையும் எதிர்க்கட்சியின் நோட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒத்துப்பார்க்க எதிர்க்கட்சி நோட்டே எழுதாமல் போனது பல அண்டை மக்களின் துரதிருஷ்டம். சியுங்னு மக்களைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி ஹான் வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதியதுதான். அதிலேயே ஒரு செய்தி உண்டு. ஹான் அரசவையிலிருந்து சியுங்னு பக்கம் மாறிய சொங்ஹாங் யுவே என்ற அதிகாரி, அவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தவற்றுள் ஒன்று, ஆட்களையும் கால்நடைகளையும் எண்ணிக் கணக்கெழுதுவது. ஹான் பேரரசரின் கடிதப் பலகை ஓரடி ஓரங்குலம் என்றால், பதில் பலகை ஓரடி இரண்டங்குலம் இருக்கட்டும் என்று சொன்னவரும் அவரே.

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் நன்றாகப் படிக்கிறார்கள். ஜெர்மன், பிரெஞ்சு எல்லாம் கற்கிறார்கள். அவர்களில் ஒருவராவது சீன மொழி கற்று, சோழரைப் பற்றிய அந்தச் சில பக்கங்களை மூலத்திலேயே படித்து, நம் கல்வெட்டுகளோடு ஒத்துப்பார்த்து எழுதட்டும். புத்தகச் செலவு என்னுடையது. அதைப் பேரேட்டில் நன்கொடை என்று எழுத மாட்டேன். கடன் என்றே எழுதுவேன். திருப்பித்தர வேண்டியது ஒரு நல்ல கட்டுரை.